தட்டுக்குக் கிடைத்ததும் திடலுக்குக் கிடைக்காததும்

1920-ஆம் ஆண்டு சென்னையில் இரண்டு காரியங்கள் தனித்தனியே தொடங்கின. பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியின் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தருவதென்று தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. அதே ஆண்டில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சார்பில், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதன் தொடர்ச்சி. ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது என்ற பெயர் அதற்கு உண்டு. முன்னது பிள்ளையின் தட்டைப் பற்றிய கவலை, பின்னது பிள்ளையின் கைகால்களைப் பற்றிய கவலை. நூறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், சோறு தமிழ்நாட்டின் கடைக்கோடிக் கிராமத்து ஒன்றாம் வகுப்புவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. விளையாட்டு அந்த ஒன்றாம் வகுப்பை இன்னும் எட்டவில்லை. இந்த வேறுபாடு ஏன் வந்தது என்று ஆராய்ந்தால், சிறு குழந்தைகளுக்கு நல்ல உணவையும் உடற்பயிற்சியையும் எப்படிப் பழக்குவது என்ற கேள்விக்கு வரலாறே விடை சொல்கிறது. சின்னப் பிள்ளைகள் இவற்றைச் சொல்லிக் கேட்டுக் கற்பதில்லை. நாள்தோறும் செய்து கற்கிறார்கள். அந்த 'நாள்தோறும்' தானாக நடந்துவிடாது. அதற்கு ஓர் இடம், ஒரு நேரம், பொறுப்பான ஓர் ஆள், வரவுசெலவில் ஒரு வரி ஆகியவை வேண்டும். சோற்றுக்கு இந்த நான்கும் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. விளையாட்டுக்குக் கிடைக்கவில்லை.

பழைய திண்ணைப் பள்ளிகளில் உணவும் இல்லை, விளையாட்டும் இல்லை. பிள்ளைகள் மணலில் எழுதினார்கள், நெல்லிலக்கமும் எண்சுவடியும் மனப்பாடம் செய்தார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். உடலுக்கான கல்வி பள்ளிக்கு வெளியே, களத்துமேட்டிலும் தோப்பிலும் கோயில் வாசலிலும் நடந்தது. சடுகுடு, கிட்டிப்புள், பச்சைக்குதிரை, பாண்டி, கண்ணாமூச்சி ஆகியவற்றை எந்தப் பெரியவரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பத்து வயதுப் பிள்ளை ஆடுவதைப் பார்த்து ஐந்து வயதுப் பிள்ளை கற்றது; சேர்த்துக்கொள்ளும் வயது வரும்வரை 'உப்புக்குச் சப்பாணி'யாக ஓரத்தில் நின்று பழகியது. ஆனாலும் அந்தக் காலத்தை ஏக்கத்தோடு பார்ப்பதற்கில்லை. பெண் பிள்ளைகளின் ஆட்டம் சிறு வயதிலேயே முடிந்துபோனது. சாதியின் எல்லைக்கோடுகள் தெருவைப் போலவே ஆடுகளத்தையும் பிரித்தன. கூலி வீட்டுப் பிள்ளைக்கு ஆடுமாடு மேய்ப்பதே பொழுது. ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஓர் உண்மை இருந்தது. சிறு பிள்ளை கற்பதற்குப் பெரிய பிள்ளையும் திறந்த வெளியும் தினமும் ஒரே பொழுதும் போதுமாக இருந்தன. பாடமாக அது பெயர் பெறவில்லை, பழக்கமாக ஊன்றியது.

மாநகராட்சி தொடங்கிய உணவு முதலில் ஒரு பள்ளியிலும் பிறகு வேறு சில பள்ளிகளிலும் நடந்தது. வருகை கூடியது. ஆனால் 1925-ல் அது நின்றுபோனது. தொடக்கக் கல்விக்கென ஒதுக்கிய நிதியைச் சோற்றுக்குச் செலவிட ஆங்கில அரசு இசையவில்லை, அதுவே காரணம். சில ஆண்டுகள் கழித்து, மிக ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற அளவில் அது திரும்ப உயிர்பெற்றது. அந்த மறுப்பைச் சிறிய நிர்வாகச் செய்தி என்று கடந்துபோக முடியாது. உணவு வேறு, கல்வி வேறு. கல்வி நிதியில் கரும்பலகை வாங்கலாம், அரிசி வாங்கக் கூடாது என்ற பார்வை அதில் முழுவடிவில் நிற்கிறது. அடுத்த அறுபது ஆண்டுகளும் இந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள் வெவ்வேறு சொற்களில் இதையே சொன்னார்கள். பள்ளிக்கூடம் சத்திரமாகிவிடும் என்றார்கள். ஆசிரியர்கள் அரிசி மூட்டையை எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்றார்கள். உணவு தருவது பெற்றோரின் கடமை என்றார்கள். இவற்றுள் எதையும் அற்பமானது என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் நடைமுறையில் பதில் தேட வேண்டியிருந்தது. அந்தப் பதில்களே இத்திட்டத்தின் வரலாறு.

இதே காலத்தில், நீலகிரி மலையில், உணவைப் பற்றிய அறிவு வேகமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்கேரிசன் நடத்திய ஆய்வுக்கூடத்தில், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முழுக்கோதுமையும் பாலும் காய்கறியும் சேர்ந்த வடமேற்கு உணவில் வளர்ந்த எலிகள் திடமாக இருந்தன. தீட்டிய அரிசியையே நம்பிய சென்னை மாகாண உணவில் வளர்ந்தவை மெலிந்து நோயுற்றன. அவருக்குப் பின் 1935-ல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டும் அவருடைய குழுவினரும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளந்தார்கள். வழக்கமான அரிசி உணவோடு கொழுப்பு நீக்கிய பால்மாவைச் சேர்த்துக் கொடுத்தபோது பிள்ளைகள் கூடுதலாக வளர்ந்ததைக் காட்டினார்கள். இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவைப் பட்டியலிட்ட அவர்களுடைய கையேடு 1937-ல் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டது. ஆக, வெறும் சோறு போதாது, பருப்பும் கீரையும் பாலும் முட்டையும் வேண்டும் என்பது சுதந்திரத்துக்குப் பத்தாண்டுகள் முன்பே அச்சில் ஏறிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளித் தட்டில் முட்டை வந்தது 1989-ல். அச்சுக்கும் தட்டுக்கும் நடுவே அரை நூற்றாண்டு ஓடியது. அறிவுக் குறையால் அது ஓடவில்லை. அறிந்ததைப் பிள்ளையின் கைக்கு எட்டச்செய்யும் ஏற்பாடு அமையாததால் ஓடியது. 'விழிப்புணர்வு ஏற்படுத்தினால் போதும்' என்று இன்றும் நம்புபவர்கள் இந்த இடைவெளியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் முதல் கல் 1956-ல் விழுந்தது. முதலமைச்சர் காமராஜரும் கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலும் பள்ளி மதிய உணவை மாநிலம் தழுவிய திட்டமாக எடுத்தபோது, அரசுக் கருவூலத்தில் அதற்கு இடமில்லை என்ற குரல் உள்ளிருந்தே எழுந்தது. அவர்கள் ஊர்களிடம் போனார்கள். நெல்லும் பருப்பும் விறகும் பாத்திரமும் ஊர்ப் பொதுமக்களிடமிருந்து வந்தன. எட்டயபுரம் போன்ற ஊர்களில் தொடங்கிய இந்த வழக்கம் பரவியது. பிறகு அரசும் தன் பங்கைச் சேர்த்தது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கட்டடமும் நிலமும் தளவாடமும் நன்கொடையாகக் குவிந்தன. கிராமத்துப் பள்ளி என்பது அரசின் பொருள் மட்டுமல்ல, ஊரின் பொருளும்தான் என்ற உணர்வு அப்போது உண்டானது. 1961-ல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான கேர் பால்மாவும் எண்ணெயும் கோதுமைப் பொருள்களும் தந்து உதவ வந்தது. இந்தக் கட்டத்தின் பலவீனமும் சொல்லப்பட வேண்டியதே. உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லை, எல்லா நாளும் இல்லை. ஊரின் வசதியையும் வெளிநாட்டு உதவியையும் பொறுத்து ஏறி இறங்கியது. சமைத்துப் போடுவது பெரும்பாலும் ஆசிரியரின் தலையில் விழுந்த கூடுதல் வேலை. நேரமும் இடமும் கிடைத்திருந்தன. ஆளும் நிதியும் இன்னும் உறுதிப்படவில்லை.

உறுதிப்பட்டது 1982-ல். அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், முதலில் கிராமப்புறத்தின் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளுக்காக வந்து, சில மாதங்களில் நகரங்களுக்கும், 1984-ல் பதினைந்து வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிந்தது. இதன் அளவைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அளவைவிட அமைப்பே முக்கியம் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று மூவர் நியமிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் அவர்கள் அதே ஊர்ப் பெண்கள். கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை இருந்தது. சமையல் ஆசிரியரின் தலையிலிருந்து இறங்கி, அதையே வேலையாகக் கொண்டவர்களின் கைக்குப் போனது. பள்ளிக்கூடங்களில் சமையற்கூடம் எழும்பியது. அரிசிக்கும் பருப்புக்கும் இருப்புப் பதிவேடு வந்தது. ஆட்சி மாறியும் திட்டம் மாறவில்லை. ஒவ்வோர் ஆட்சியும் முந்தையதைவிடக் கூடுதலாக எதையாவது சேர்க்கப் போட்டியிட்டது. 2001-ல் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவே தரப்பட வேண்டும், தானியமாக அளந்து கொடுத்துவிடக் கூடாது என்று ஆணையிட்டபோது, அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு இங்கே இருபதாண்டு நடைமுறை சாட்சியாக இருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். இது பசியைப் போக்கவும் பள்ளி வருகையைக் கூட்டவும் வந்த திட்டம். உணவைக் கற்பிக்க வந்ததல்ல. பிறகு இதை எப்படிக் கல்வி என்பது? நோக்கத்தைப் பொறுத்தவரை கேள்வி சரி. விளைவைப் பார்த்தால் நிலைமை வேறு. ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் பன்னிரண்டரை மணியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறார்கள். கையையும் தட்டையும் கழுவுகிறார்கள். தாழ்வாரத்தில் எதிரெதிர் வரிசையாகச் சம்மணமிட்டு உட்காருகிறார்கள். ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைக்கு நூறு கிராம் அரிசியின் சோறு, அதற்கு மேல் நூற்றைம்பது என்ற கணக்கில் விழுகிறது. சாம்பார் ஊற்றும்போது பூசணித் துண்டு வேண்டாம் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தட்டை இழுத்துக்கொள்கிறது. பக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதே துண்டைப் பிசைந்து சாப்பிடுகிறது. இரண்டு மாதம் கழித்துச் சின்னதும் சாப்பிடுகிறது. யாரும் அதற்கு உயிர்ச்சத்தைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. அறிமுகமில்லாத சுவையைப் பிள்ளை ஏற்பதற்கு அது பல முறை கண்முன் வர வேண்டும். தன்னையொத்தவர்கள் அதைச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். பந்தியில் இரண்டும் நடக்கின்றன. உண்பதற்கு முன் கை கழுவுவது, போட்டதை வீணாக்காமல் உண்பது, உண்ட தட்டைத் தானே கழுவி வைப்பது ஆகியவையும் அப்படியே படிகின்றன. 1939-ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி, நீர் ஊற்றுவதையும் மேசையை ஒழுங்கு செய்வதையும் மூன்று வயதுப் பிள்ளையின் முறையான கல்வியாக வைத்தார். வசதியான பள்ளிகள் கட்டணம் பெற்றுத் தரும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியைச் சத்துணவுப் பந்தி இலவசமாகத் தந்துவந்திருக்கிறது.

பந்தி கற்பித்த இன்னொன்றும் உண்டு: யார் பக்கத்திலும் உட்கார்ந்து, யார் சமைத்ததையும் உண்ணலாம் என்பது. தலித் பெண் சமைத்தாள் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோரைப் பற்றிய செய்திகள் இன்றும் வருகின்றன. இதை வைத்துத் திட்டம் தோற்றுவிட்டது என்று சொல்ல முடியுமா? பள்ளியில் பிள்ளைகள் ஒன்றாக உண்பது வெறும் வயிற்றுப் பிரச்சினை என்றால் யாரும் அதை எதிர்த்துக் கிளம்பியிருக்க மாட்டார்கள். அங்கே ஒரு பாடம் நடக்கிறது என்று எதிர்ப்பவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. அத்தகைய ஊர்களில் மாவட்ட ஆட்சியரும் அதிகாரிகளும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது, அந்தப் பாடத்தை அரசு விட்டுக்கொடுக்காது என்பதன் அடையாளம். உணவுப் பழக்கம் என்பது மாவுச்சத்து, புரதம் என்ற கணக்கோடு முடிவதில்லை. அடுத்தவரோடு உண்ணப் பழகுவதும் அதில் அடங்கும்.

அடுத்த மறுப்பு கனமானது. பந்தி பழக்கத்தைத் தந்தது சரி, எதைப் பழக்கியது? சோற்றைத்தானே? 1982-ன் தட்டு அரிசியும் பருப்பும் கொஞ்சம் எண்ணெயும் காயும்தான். குன்னூர் ஆய்வாளர்கள் குறை சொன்ன அதே அரிசிச் சாய்வு. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் தட்டு நின்ற இடத்திலேயே நிற்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998-ல் வாரம் ஒன்றானது. 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் வாரத்தின் ஐந்து பள்ளி நாளும் முட்டை. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். கொண்டைக்கடலை, பாசிப்பயறு, உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்குத் தனி நாள்கள் ஒதுங்கின. 2013-ல் ஜெயலலிதா ஆட்சியில் கலவைச் சாத முறை வந்தபோது, காய்கறி பிரியாணி, கறிவேப்பிலைச் சாதம், தக்காளிச் சாதம், மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று பட்டியல் மாறியது. பிள்ளைகள் தட்டில் எதை மிச்சம் வைக்கிறார்கள் என்பதைக் கவனித்ததன் விளைவு அது. இருபது ஆண்டுகளில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்பதிலிருந்து வாரத்துக்கு ஐந்து என்ற நிலைக்கு முட்டை வந்தது. தட்டும் பந்தியும் ஏற்கனவே இருந்ததால்தான் அதில் ஒரு பொருளைச் சேர்க்கும் அரசியல் சாத்தியமானது. முதலில் சரியான உணவைத் தீர்மானித்துவிட்டுப் பிறகு கூடத்தைக் கட்டலாம் என்று காத்திருந்தால் முட்டையும் வந்திருக்காது, கூடமும் எழுந்திருக்காது.

இருந்தாலும் இத்திட்டத்தால் எட்ட முடியாத இடம் ஒன்று உண்டு. பிள்ளையின் வளர்ச்சி பெரும்பாலும் தீர்மானிக்கப்படுவது முதல் இரண்டு ஆண்டுகளில். பள்ளிச் சோறு அதற்குப் பின்னால்தான் வருகிறது. இதை உணர்ந்து, சத்துணவுத் திட்டத்துக்கு முன்பே, உலக வங்கியின் கடனுதவியோடு 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைக்கு மட்டும் சில மாதங்கள் சத்துருண்டை கொடுத்து, தாய்க்கு எடை அட்டையைக் காட்டி விளக்கினார்கள். எல்லோருக்கும் உணவு என்ற எம்.ஜி.ஆர். திட்டம் ஊதாரித்தனம், தேவைப்படுபவரை அடையாளம் கண்டு கொடுப்பதே சிக்கனம் என்று பொருளியலாளர் பலர் அன்று வாதிட்டார்கள். இரண்டையும் எதிரெதிராக நிறுத்தியது தவறு என்றே இப்போது தோன்றுகிறது. எடை அட்டை கைக்குழந்தையின் தாயோடு பேசியது. பந்தி நடமாடும் பிள்ளையோடு பேசியது. இரண்டுமே ஒரே முறையைக் கையாண்டன: மாதம் தவறாமல் தராசு, நாள் தவறாமல் தட்டு, இரண்டுக்கும் பொறுப்பாக அதே ஊரில் ஒரு பெண். வேலை முடிந்துவிடவும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே ஆய்வில், வயதுவந்த பெண்களில் 40 விழுக்காட்டினர் அதிக எடையுடையவர்கள். போதாத உணவின் நோயும் மிகுந்த உணவின் நோயும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இரண்டாவதை எதிர்கொள்ள உணவால் மட்டும் முடியாது. உடல் அசைய வேண்டும்.

அங்கேதான் 1920-ன் இன்னொரு தொடக்கம் நினைவுக்கு வர வேண்டும். பக் வருவதற்கு முன் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கட்டளைக்குக் கைகால் அசைக்கவைப்பார். 'டிரில் மாஸ்டர்' என்ற பெயர் நம் ஊர்ப் பேச்சில் அதனால்தான் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக் இதை மாற்ற விரும்பினார். உடற்கல்வி கட்டளைக்குக் கீழ்ப்படிவதாக இருக்கக் கூடாது, விளையாட்டாக இருக்க வேண்டும் என்றார்; அதைத் தருபவர் உடலைப் பற்றிப் படித்த ஆசிரியராக இருக்க வேண்டும் என்றார். அவருடைய கல்லூரியில் பயின்றவர்கள் இந்தியாவின் பல மாகாணங்களுக்கும் போனார்கள். ஒய்.எம்.சி.ஏ. கொண்டுவந்த கைப்பந்தும் கூடைப்பந்தும் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள்வரை வேர்விட்டன. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு பக் போனார். 1943-ல் அவர் இறந்தபோது, உடற்கல்வி ஆசிரியர் என்ற பதவி சென்னை மாகாண உயர்நிலைப் பள்ளிகளில் நிலைபெற்றிருந்தது. இது பெரிய சாதனை. ஆனால் அந்தப் பதவி உயர்நிலைப் பள்ளியோடு நின்றது. உடற்கல்வி என்பது வளர்ந்த மாணவருக்கு, அதிலும் போட்டிக்குத் தேர்வாகும் மாணவருக்கு என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது. பள்ளி அணியில் பன்னிரண்டு பேர் ஆட, மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டுவது விளையாட்டு விழாவானது.

சட்டத்திலும் இந்தச் சாய்வு பதிந்திருக்கிறது. 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கூடம் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று வகுக்கிறது. சமையற்கூடமும் விளையாட்டுத் திடலும் அதில் அருகருகே இருக்கின்றன. சமையற்கூடத்துக்குப் பின்னால் சமையலரும் அரிசியும் நிதியும் வேறு வழியாக வந்து சேர்கின்றன. திடலுக்குப் பின்னால் யார் வருகிறார்? ஆறு முதல் எட்டு வகுப்புகளில், நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு அப்படி யாரும் இல்லை. வகுப்பாசிரியரே விளையாட்டுக்கும் பொறுப்பு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் ஐந்து வகுப்புகளின் பதிவேட்டோடும் கணினிப் பதிவோடும் போராடும்போது, விளையாட்டு வேளை என்பது பிள்ளைகளைத் திடலில் விட்டுவிட்டு ஆசிரியர் எழுத்து வேலையை முடிக்கும் வேளையாகிவிடுகிறது. பாடம் பின்தங்கினால் அதுவும் கணக்குப் பாடத்துக்குப் போகிறது. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1982-க்கு முன் சோறு சமைக்கும் பாரத்தை அவர் சுமந்த நிலை எதுவோ அதுவே இன்று விளையாட்டில் அவருடைய நிலை. ஐந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு அறுபது நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த அறுபது நிமிடத்துக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் தொடக்கப் பள்ளியில் விடை சொல்ல ஆளில்லை.

குழந்தைகள் தாமாகவே விளையாடுவார்கள், அதற்கு ஏன் ஏற்பாடு என்று கேட்பவர்கள் உண்டு. பாண்டியும் கண்ணாமூச்சியும் ஏற்பாட்டால் வந்தவையா? வரவில்லை, ஆனால் அவற்றுக்கு மூன்று பொருள்கள் ஏற்கனவே இருந்தன: வண்டி வராத தெரு, கூட ஆடுவதற்கு வெவ்வேறு வயதுப் பிள்ளைகள், பள்ளி விட்டதும் காலியாக இருந்த பொழுது. தெரு வாகனங்களுக்குப் போய்விட்டது. களத்துமேடு மனையாகிவிட்டது. ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிற்கும் குடும்பங்களில் வயது கலந்த கூட்டம் சேருவதில்லை. மாலைப்பொழுதைத் தனிப்பயிற்சியும் கைப்பேசியும் பங்கிட்டுக்கொண்டன. பசிக்கு வீடு போதாதபோது பள்ளி அந்த இடத்தை நிரப்பியது. ஆட்டத்துக்குத் தெரு போதாதபோது எதுவும் அதை நிரப்பவில்லை. பழைய தெருவில்கூட அந்தச் சுதந்திரம் ஆண் பிள்ளைக்கே முழுதாக இருந்தது. பெண் பிள்ளை ஓடியாடும் உரிமை தானாக வரும் என்று விட்டுவைத்தால், அது வராமலே போகும் என்பதே நம் வரலாறு காட்டுவது.

பிள்ளைக்கு நல்ல பழக்கத்தைச் சொல்லித் தருவது பெற்றோர் கடமை என்ற வாதமும் பழையது. 1925-ன் மறுப்பிலேயே அது உள்ளடங்கி இருந்தது. கடமைதான். ஆனால் பெற்றோர் எந்தக் களத்தில் நின்று அதைச் செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளி வாசல் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் நிறைந்த பொட்டலங்கள் சரமாகத் தொங்குகின்றன. விடியற்காலையில் வேலைக்குப் போகும் தாய் கையில் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அது அறியாமை அல்ல, நேரமின்மை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து ஐம்பது மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி வகுத்தது. விதி நல்லது. ஆனால் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையிடம் பொட்டலம் வாங்காதே என்று சொல்வதைவிட, வயிற்றை நிரப்பி அனுப்புவதே வேலை செய்யும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்த வழியில் போகிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாக, காய்கறிச் சாம்பாரோடு, மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்துத் தருகிறார்கள். பெற்றோரின் கடமையை இது பறிக்கவில்லை; அவர்களுக்குத் தோள்கொடுக்கிறது.

கடைசி மறுப்பு, செலவும் நேரமும். ஒன்றாம் வகுப்பில் எழுத்தும் எண்ணும் தடுமாறும்போது விளையாட்டுக்கு ஏது நேரம், முப்பதாயிரம் பள்ளிகளுக்கு ஆள் போட ஏது பணம் என்பார்கள். கல்வி நிதியில் சோறு கூடாது என்று சொன்னதைப் போலவே, கல்வி நேரத்தில் விளையாட்டு கூடாது என்று இது சொல்கிறது. முதலாவதை நாம் அறுபது ஆண்டு போராடி வென்றோம். சோறு போட்ட பள்ளியில் படிப்பு குறையவில்லை. பிள்ளைகள் வந்ததால்தான் படிப்பே நடந்தது. செலவைப் பற்றிய அச்சத்துக்கும் 1956-ஐத்தான் விடையாகச் சொல்ல வேண்டும். முழு ஏற்பாடும் ஒரே நாளில் வரவில்லை. ஊர் தந்ததோடு தொடங்கி, அரசு சேர்ந்து, ஆள் வந்து, நிதி வந்து, கால் நூற்றாண்டில் நிலைத்தது. திடலுக்கும் அதே படிகளில் ஏறலாம். நாள்தோறும் அரை மணி நேரம், எந்தப் பாடத்துக்கும் மாற்ற முடியாததாக, சாப்பாட்டு மணியைப் போலவே கால அட்டவணையில் நிற்கட்டும். சில பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவராக, அந்தந்த ஊர் இளைஞர்களை, குறிப்பாகப் பெண்களை, பயிற்சி கொடுத்துத் தொடக்கப் பள்ளியின் விளையாட்டுப் பணிக்கு அமர்த்தலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித் தரட்டும். திண்ணைக் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த முறை அது. சாக்பீஸ் கோடும் பழைய டயரும் கயிறும் பந்தும் போதும். கோப்பைகள் வேண்டாம், அணித் தேர்வு வேண்டாம், எல்லாப் பிள்ளையும் ஓடினால் போதும். முட்டைக்கு இருப்பதைப் போல இதற்கும் ஒரு பதிவேடு இருக்கட்டும், ஆய்வுக்கு வரும் அதிகாரி அதையும் கேட்கட்டும். சத்துணவுக்கென வரவுசெலவில் இருக்கும் வரிக்குப் பக்கத்தில், சிறியதாக இருந்தாலும், விளையாட்டுக்கும் ஒரு வரி வரட்டும். பசி தீரும்வரை பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஏற்றுக்கொண்ட சமூகம் இது. ஓடியாடாத பிள்ளையின் உடம்பும் முழுதாக வளராது என்பதையும் அதே உறுதியோடு ஏற்றுக்கொண்டால்தான், ஊட்டி வளர்த்த பிள்ளைகள் நடுவயதில் நீரிழிவோடும் இதயநோயோடும் மருத்துவமனை வரிசையில் நிற்பதைத் தடுக்க முடியும்.